ஒன்றுமில்லை என்றொரு செய்தி

பத்திரிகைத் தொழிலில் ஏறக்குறைய முப்பது வருடங்களைக் கழித்துவிட்ட எனக்குத் தொழிற்சாலைகளைப் பற்றித் தெரிந்தவை இரண்டு வகைச் செய்திகள் மட்டுமே. ஒன்று திறப்பு விழா. மற்றது தீ விபத்து. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்த மதில்களுக்குள் என்ன நடக்கிறது என்று நான் எழுதியதில்லை. எழுதும்படி எவரும் கேட்டதுமில்லை.

ஆகையால், பாடசாலைக் காலத் தோழர் ஒருவரின் மகன், கொழும்பின் புறநகர்ப் பகுதியில் தான் வேலை செய்யும் பெயின்ற் தொழிற்சாலைக்கு வரும்படி அழைத்தபோது, மறுப்பதற்குக் காரணம் தேடினேன். அவர் பொறியியலாளர். நானோ கலைப்பீடத்தில் தமிழும் வரலாறும் படித்தவன். வீட்டில் மின்குமிழ் எரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற இனம்.

"அங்கிள், போயாவுக்கு வேலையாக்கள் இல்லை. புதுச் சிஸ்டத்துக்குத் தண்ணி விட்டுப் பாக்கப் போறம். பெயின்றும் இல்லை, நெருப்புப் பிடிக்கிற சாமானும் இல்லை. வந்து பாருங்கோ, எழுத ஏதாவது கிடைக்கும்" என்றார்.

எழுத ஏதாவது கிடைக்கும் என்ற வார்த்தைக்கு மயங்காத பத்திரிகையாளன் உண்டோ? போனேன்.

பெயின்ற் என்றால் என்ன என்பதிலிருந்தே பாடம் தொடங்கியது. நிறத்தைத் தரும் தூள், அதைச் சுவரில் ஒட்டவைக்கும் பிசின், இரண்டையும் இளக்கி வைத்திருக்கும் திரவம், நுரையை அடக்கவும் பூஞ்சணம் பிடியாதிருக்கவும் சேர்க்கப்படும் சிறு அளவான சில பொருள்கள். இவ்வளவுதான். வெள்ளை நிறத்துக்கு உலகெங்கும் பெரும்பாலும் தைத்தேனியம் ஈரொட்சைட்டே பயன்படுகிறது. கலக்கும் வேலையை, விளிம்பு முழுவதும் வாள்பற்களைப் போல மடித்துவிடப்பட்ட ஒரு வட்டத் தகடு செய்கிறது. தாங்கிக்குள் அது கடுவேகத்தில் சுழலும்போது நடுவில் ஒரு சுழி உண்டாகித் தூளைத் திரவத்துக்குள் இழுத்துக்கொள்கிறது.

முன்னர் இந்த வேலையில் மனிதர்கள் இருந்தார்கள். தூளை நிறுத்துக் கொட்ட ஒருவர், வால்வைத் திருக ஒருவர், போதும் என்று கத்த ஒருவர். புதிய ஏற்பாட்டில் தாங்கியே தராசின் மேல் நிற்கிறது. அதன் கால்களின் கீழ் உள்ள எடையுணரிகள் ஒவ்வொரு கணமும் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. எந்த நிறத்துக்கு எது எவ்வளவு என்ற குறிப்பு கணினியில் இருக்கிறது. குறித்த அளவை நெருங்கும்வரை வால்வு முழுதாகத் திறந்திருக்கும். நெருங்கியதும் பாதியாகிச் சிறுகச் சிறுக விடும். குழம்புக்குப் புளி விடும் தாய்மார் கடைசியில் கையை மெல்லச் சரிப்பதைப் போலத்தான். வால்வை மூடிய பின்னரும் குழாய் வாய்க்கும் திரவ மட்டத்துக்கும் இடையில் விழுந்துகொண்டிருப்பது எவ்வளவு என்பதைக்கூட இயந்திரம் முன்கூட்டியே கழித்துக்கொள்கிறது.

இதையெல்லாம் நடத்துவது சுவரோரத்தில் சாம்பல் நிற அலுமாரிக்குள் இருந்த ஒரு சிறு பெட்டி. பிஎல்சி என்று அழைக்கிறார்கள். 1968 இல் அமெரிக்கப் பொறியியலாளர் டிக் மோர்லியின் எண்ணத்தில் உருவாகி, 1969 இல் மொடிகொன் என்ற பெயரில் ஜெனரல் மோட்டர்ஸ் கார்த் தொழிற்சாலைக்குப் போன கருவியின் வழித்தோன்றல். அதுவரை கார் மாதிரியை மாற்றும் போதெல்லாம் நூற்றுக்கணக்கான மின் ஆளிகளைக் கழற்றி மறுபடி கம்பி பூட்ட வேண்டியிருந்ததாம். புதிய கருவிக்கான கட்டளைகளை ஏணி போன்ற ஒரு படமாக எழுதினார்கள். கணினி மொழி தெரியாத மின்தொழிலாளருக்கு அந்தப் படம் ஏற்கெனவே பழக்கமாக இருந்ததே அதற்குக் காரணம். வாசகருக்குப் புரியும் மொழியில் எழுது என்று எங்கள் பழைய ஆசிரியர் அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது.

அந்தப் பெட்டி ஓயாமல் ஒரே வேலையைச் செய்கிறது. உள்ளே வரும் எல்லாச் சமிக்ஞைகளையும் வாசிக்கிறது. ஏணியின் படிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து முடிவெடுக்கிறது. வெளியே கட்டளைகளை அனுப்புகிறது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு செக்கனுக்குள் இது பல தடவை நடந்து முடிகிறது. வரும் சமிக்ஞைகள் இரண்டு வகை. ஆம், இல்லை என்று சொல்பவை ஒன்று. மூடி மூடியிருக்கிறதா, காற்றாடி சுற்றுகிறதா, தாங்கியில் நிலக்கம்பி கொளுவப்பட்டிருக்கிறதா என்பன இதில் அடங்கும். எளிதில் தீப்பற்றும் திரவங்கள் குழாயில் ஓடும்போது உண்டாகும் நிலைமின் பொறி ஒன்றே தொழிற்சாலையைக் கொளுத்தப் போதும் என்பதால், நிலக்கம்பி கொளுவாமல் அந்தப் பம்பி இயங்கவே இயங்காது. அளவு சொல்பவை மற்ற வகை. எவ்வளவு எடை, எவ்வளவு வெப்பம், எவ்வளவு உயரம் என்பவை.

இந்த இடத்தில்தான் என் காது கூர்மையானது. இளைஞர் திரையில் ஒரு வால்வின் படத்தைத் தொட்டார். அது மஞ்சள் நிறமாகிச் சிமிட்டியது. இரண்டு மூன்று செக்கன்கள் கழித்துப் பச்சையானது.

"மஞ்சள் எண்டா நாங்கள் திற எண்டு சொல்லியிட்டம். பச்சை எண்டா வால்வு திறந்திட்டன் எண்டு சொல்லுது. ரெண்டும் வேற வேற கம்பி, அங்கிள். சொல்லி அஞ்சு செக்கனுக்குள்ள பதில் வராட்டி அலாம்."

கட்டளை ஒரு சமிக்ஞை. நிறைவேற்றம் இன்னொரு சமிக்ஞை. இவை இரண்டையும் ஒன்றென எண்ணியதால் நேர்ந்ததை உலகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1979 மார்ச் 28 ஆம் திகதி அதிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள மூன்று மைல் தீவு அணு மின்நிலையத்தில் ஓர் அமுக்கத் தணிப்பு வால்வு திறந்தது. பின்னர் அது மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஆனால், கட்டுப்பாட்டு அறையின் பலகையிலிருந்த விளக்கு அணைந்தது. வால்வு மூடியதைக் காட்டுவதற்காக அந்த விளக்கு அமைக்கப்பட்டிருக்கவில்லை. மூடு என்ற கட்டளை போனதை மட்டுமே அது காட்டியது. அங்கிருந்தவர்கள் வால்வு மூடிவிட்டதாக நம்பினார்கள். இரண்டு மணித்தியாலங்களுக்கும் மேலாகக் குளிராக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் கருப்பகுதியில் ஏறத்தாழ அரைவாசி உருகிப் போயிற்று.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தது அணு உலையல்ல. நான் இட்ட தலைப்புகள். "விசாரணைக்கு ஜனாதிபதி உத்தரவு." "ஆணைக்குழு நியமனம்." "கடும் நடவடிக்கைக்குப் பணிப்புரை." இந்த மூன்று தலைப்புகளையும் எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எல்லாமே மஞ்சள் விளக்குகள். மூதூரில் 2006 ஓகஸ்டில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டது உட்படப் பல சம்பவங்களை ஆராய அவ்வருட இறுதியில் உதலாகம ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. நியமனம் முன்பக்கத்தில் வந்தது. 2009 இல் அறிக்கை ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்டது. அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2015 இல். இடைப்பட்ட வருடங்களில் எத்தனை பத்திரிகைகள், வால்வு திறந்ததா என்று கேட்டன? நானும் கேட்கவில்லை. உத்தரவு பிறந்ததைச் செய்தியாக்கிவிட்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தோம்.

திரும்பி வரும் சமிக்ஞையும் எப்போதும் உண்மை பேசும் என்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்தின் பன்ஸ்பீல்ட் எண்ணெய்க் களஞ்சியத்தில், 2005 டிசம்பர் 11 ஆம் திகதி, பெற்றோல் தாங்கியொன்றின் மட்டமானி ஒரே அளவில் நின்றுவிட்டது. பெற்றோல் ஏறிக்கொண்டே இருந்தது. திரையில் கோடு அசையவில்லை. மேல்மட்டத்தில் தானாகவே நிறுத்த வேண்டிய இரண்டாவது கருவியும் வேலை செய்யவில்லை. தாங்கி நிரம்பி வழிந்து, காலை ஆறு மணியளவில் வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உயிரிழப்பு இல்லை. 43 பேர் காயமடைந்தார்கள். அந்த மானி அதற்கு முந்திய மூன்று மாதங்களில் பதினான்கு தடவை அவ்வாறு நின்றிருந்ததைப் பின்னர் விசாரணை கண்டறிந்தது. நிற்பதும் பிறகு ஓடுவதுமாக இருந்ததால் அது பழகிப்போயிற்று.

பழகிப்போவதைப் பற்றித்தான் இளைஞரிடம் ஒரு கதை இருந்தது. தொழிற்சாலையின் பழைய கட்டுப்பாட்டுப் பலகையைக் கழற்றியபோது, எச்சரிக்கை ஒலிப்பானின் வாயில் கறுப்பு ரேப் நான்கு மடிப்பாக ஒட்டப்பட்டிருந்ததாம். யார் ஒட்டியது என்று எவருக்கும் தெரியவில்லை. ஏன் ஒட்டியது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கலக்கும் தகடு சுழலும்போது திரவத்தின் மேல்மட்டம் அலையடிக்கும். அலை எழும்பினால் மணி அடிக்கும், தாழ்ந்தால் நிற்கும், திரும்ப அடிக்கும். இரவு முறையில் நிற்கும் மனிதன் எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? ரேப் ஒட்டப்பட்ட பிறகு ஒரு நாள் தாங்கி உண்மையாகவே நிரம்பி வழிந்தது. நல்லவேளையாக அது தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயின்ற். ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. தரையைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் சென்றதாம்.

எங்கள் கதைகளில் புலி வருகிறது என்று கத்திய சிறுவனைத்தான் குற்றவாளியாக்குகிறோம். தொழிற்சாலையில் அந்தச் சிறுவன் பொய்யன் அல்லன். அவனுக்கு அலைக்கும் புலிக்கும் வேறுபாடு கற்பிக்கப்படவில்லை, அவ்வளவே. புதிய ஏற்பாட்டில் மட்டம் எல்லையைத் தாண்டிச் சில செக்கன்கள் தொடர்ந்து நின்றாலே மணி அடிக்கும். அடித்தபின், எல்லைக்குச் சற்றுக் கீழே இறங்கும்வரை அது நீங்காது. இவ்வளவு சிறிய திருத்தம்.

இத்துறையில் உலகம் பாடம் படித்த இன்னொரு நாள் 1994 ஜூலை 24. வேல்ஸ் நாட்டின் மில்போர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், வெடிப்புக்கு முந்திய கடைசிப் பதினொரு நிமிடங்களில் மட்டும் அங்கிருந்த இரண்டு இயக்குநர்களுக்கு 275 எச்சரிக்கைகள் வந்தன. இரண்டு மூன்று செக்கன்களுக்கு ஒன்று. எது முக்கியம் என்று தெரிவதற்கு முன் அடுத்தது வந்தது. இதற்குப் பிறகு, 1999 இல் பிரித்தானியாவில் வெளியான ஒரு வழிகாட்டி நூல், ஓர் இயக்குநருக்குச் சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு எச்சரிக்கைக்கு மேற்படாதிருப்பதே நல்லது என்றது. அத்துடன் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கேள்வியை வைத்தது. இது அடித்தால் மனிதன் என்ன செய்ய வேண்டும்? செய்வதற்கு எதுவும் இல்லையென்றால் அது எச்சரிக்கையல்ல. அதைப் பதிவேட்டில் எழுதிவைத்தால் போதும்.

இளைஞரின் மேசையில் ஒரு நீண்ட அட்டவணை கிடந்தது. இடப்பக்கம் எச்சரிக்கையின் பெயர். வலப்பக்கம் "செய்ய வேண்டியது" என்று சிங்களத்திலும் தமிழிலும். வலப்பக்கம் வெறுமையாக இருந்த வரிகள் சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டிருந்தன. கைத்தொலைபேசியில் நிமிடத்துக்கொரு "முக்கிய செய்தி" அனுப்பும் எங்கள் தொழில்காரர் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் மணியொன்று அடித்தால் பெயர் சிவப்பாகச் சிமிட்டும். அருகில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சிமிட்டுவது நின்று, சிவப்பு நிலையாக எரியும். சத்தமும் அடங்கும். "கண்டுகொண்டேன்" என்பதே அதன் பொருள். தாங்கி இன்னமும் வழிந்துகொண்டுதான் இருக்கும்.

2019 ஏப்ரல் 4 ஆம் திகதியே வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவல் இலங்கைக்கு வந்தது. 11 ஆம் திகதி அது பற்றிப் பொலிஸ் உயர்மட்டத்தில் கடிதம் எழுதப்பட்டது. அலுவலகம் அலுவலகமாகக் கடிதம் போனது. ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் 250 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தாக்குதலைத் தடுக்கத் தவறியதன் மூலம் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் நட்டஈடு செலுத்தப் பணித்தது. அவ்வளவு பெரிய விடயத்தை ஒரு பெயின்ற் தாங்கியுடன் ஒப்பிடுவது சரியா என்று என்னையே கேட்டேன். பொத்தான் ஒரே பொத்தான்தான் என்று தோன்றியது.

மதியம் கடந்துவிட்டது. தண்ணீர்ப் பரிசோதனை முடியும் தறுவாயில், இளைஞர் அலுமாரிக் கதவைத் திறந்து, மெல்லிய கம்பியொன்றைக் காட்டினார்.

"இது தாங்கியின்ர உயரம் சொல்லுற கம்பி. தாங்கி நிறைய இருந்தா இதுக்குள்ள 20 மில்லி அம்பியர் ஓடும். பாதியெண்டா 12. வெறும் தாங்கியெண்டா எவ்வளவு ஓட வேணும், சொல்லுங்கோ?"

பூச்சியம் என்றேன். கலைப்பீடத்துக் கணிதம்.

"இல்லை. 4."

ஒன்றுமில்லாத தாங்கி ஏன் நான்கு என்று சொல்ல வேண்டும்? அவர் பதில் சொல்லவில்லை. திருகாணியைத் தளர்த்திக் கம்பியை வெளியே இழுத்தார். திரையிலிருந்த எண் இறங்கியது. 4 ஐத் தாண்டிப் பூச்சியத்துக்குப் போயிற்று. உடனே மணி அடித்தது. திரையில் தாங்கி காலி என்று வரவில்லை. கம்பி அறுந்துவிட்டது என்று வந்தது.

வெறுமையைப் பூச்சியமாக வைத்திருந்தால், அறுந்த கம்பியும் காலியான தாங்கியும் ஒன்றுபோலவே தெரியும். காலி என்று நம்பிய இயந்திரம் நிரம்பிய தாங்கிக்குள் மேலும் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே, சொல்வதற்கு எதுவும் இல்லாதபோதும் அந்தக் கம்பி "நான் இருக்கிறேன்; சொல்ல ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் குரலின் அளவுதான் நான்கு. அவசர நிறுத்தப் பொத்தானும் அப்படித்தான் என்றார். அதனூடாக எப்போதும் மின்னோட்டம் ஓடும். அழுத்தினால் ஓட்டம் அறுந்து இயந்திரம் நிற்கும். எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் நிற்கும்.

நான் அந்தச் சுவரோரத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கு ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருந்தது.

1999 ஆம் ஆண்டு. ஆசிரியபீடத்தில் நான் பிரதேசச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பு. மட்டக்களப்புக்கு வடக்கே ஒரு சிறு ஊரிலிருந்து ஒரு பாடசாலை ஆசிரியர் எங்களுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒவ்வொரு நாளும் மாலை ஐந்தரை மணிக்குத் தொலைத்தொடர்பு நிலையமொன்றிலிருந்து அழைப்பார். செய்தி இருந்தால் மெதுவாக, எழுத்துக்கூட்டிச் சொல்வார். பெரும்பாலான நாட்களில் செய்தி இருக்காது.

"தம்பி, இண்டைக்கு ஒண்டுமில்ல. வைக்கிறன்."

ஆசிரியபீடத்தில் அவருக்கு "ஒண்டுமில்லை மாஸ்டர்" என்று பெயர் வைத்திருந்தோம். அச்சான செய்திக்கு மட்டுமே நிருபர்களுக்குக் கொடுப்பனவு. ஒன்றுமில்லை என்று சொல்வதற்கான அழைப்புக் கட்டணம் அவருடைய சட்டைப்பையிலிருந்தே போனது. ஒருமுறை, செய்தி இல்லாத நாளில் எதற்கு மாஸ்டர் வீண் செலவு என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். மறுநாளும் ஐந்தரைக்கு அழைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அழைப்பு வரவில்லை. புதனும் வரவில்லை. பக்கம் தயாரிக்கும் நண்பர் வியாழனன்று, "என்ன, மாஸ்டரைக் காணேல்லை?" என்று கேட்டார். "செய்தி இல்லைப் போல" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த தொலைநகலைத் திருத்தத் தொடங்கினேன். இந்த வாக்கியத்தை நான் சொன்ன நேரம், மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை, வெளியே பெய்துகொண்டிருந்த மழை எல்லாம் இன்றும் நினைவிருக்கின்றன. நினைவில் வைத்திருக்க வேண்டிய பெரிய வாக்கியம் அல்ல அது. நான்கையும் பூச்சியத்தையும் ஒன்றென்று சொன்ன வாக்கியம்.

வெள்ளிக்கிழமை மாலை அவருடைய மனைவி அழைத்தார். திங்கள் இரவு ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். எங்கே என்று தெரியவில்லை. அவருக்கு எங்கள் தொலைபேசி இலக்கம் தெரியாது. கணவனின் பழைய நாட்குறிப்பில் தேடிக் கண்டுபிடிக்க நான்கு நாட்கள் சென்றிருந்தன. அந்தக் காலத்தில் இதில் அனுபவமுள்ள எவரைக் கேட்டாலும் ஒன்றையே சொல்வார்கள். முதல் நாள்தான் முக்கியம். ஒரு பத்திரிகை அலுவலகம் பெயர் சொல்லி விசாரித்தால், செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் தகவல் போனால், அந்தப் பெயர் ஏதாவது ஒரு புத்தகத்தில் பதியப்படும். பதியப்பட்ட பெயர் காணாமற் போவது கடினம். அந்த முதல் நாளும் அடுத்த மூன்று நாட்களும் என் கையில் இருந்தன.

வெள்ளி இரவே ஆசிரியர் எல்லா இடங்களுக்கும் அழைத்தார். பத்தொன்பதாம் நாள் மாஸ்டர் வீடு திரும்பினார். உயிரோடு திரும்பினார் என்பதைப் பெரிய நல்வாய்ப்பாக எல்லோரும் பேசினார்கள், அது உண்மையும்கூட. அதன் பிறகு அவர் எங்களுக்கு எழுதவில்லை. இடது காது சரியாகக் கேட்பதில்லை என்று பின்னர் யாரோ சொன்னார்கள். நான் ஒருமுறை கடிதம் எழுதினேன். நலம் விசாரித்தேன். வியாழக்கிழமையைப் பற்றி எழுதவில்லை.

இளைஞர் கம்பியை மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். எண் மெல்ல ஏறி 4 இல் நின்றது. மணி அடங்கியது. "தாங்கி வெறுமையாத்தான் இருக்கு. ஆனா இப்ப எங்களுக்குத் தெரியும்" என்றார்.

வீடு வந்து, இரண்டு நாள் தயங்கி, மட்டக்களப்பிலிருக்கும் நண்பரொருவர் மூலம் மாஸ்டரின் இலக்கத்தைப் பெற்றேன். இப்போது ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். பெயரைச் சொன்னதும் சிறிது நேரம் சத்தமில்லை.

"இரு தம்பி, மத்தக் காதில வைக்கிறன்."

பெயின்ற் தொழிற்சாலைக்குப் போனதைச் சொன்னேன். கம்பியையும் நான்கையும் சொன்னேன். அவர் விஞ்ஞான ஆசிரியர். என்னைவிட வேகமாக விளங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்த வியாழக்கிழமையைச் சொன்னேன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகச் சொல்லாதிருந்ததைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"அது எனக்குத் தெரியாது" என்றார். சிறிது பொறுத்து, "நீங்க ஒரு நாள் கேட்டீங்க, செய்தி இல்லாட்டி ஏன் எடுக்கிறீங்க எண்டு. ஞாபகமிருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

"நான் செய்திக்காக எடுக்கல்ல தம்பி. ஆள் இருக்கிறன் எண்டு கொழும்பில ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கட்டும் எண்டுதான் எடுத்தன். அதை வாய்விட்டுச் சொல்லயும் வெக்கமா இருந்திச்சு. நானும் சொல்லியிருக்கலாம்."

என்னைத் தேற்றுவதற்காகவே அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியும். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் பயன்படுத்தவில்லை. மழை, நெல் விலை, பேரப்பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சை என்று பேச்சு வேறு பக்கம் போனது. வைக்கும்போது சொன்னார்:

"அடுத்த கிழமையும் எடுங்க தம்பி. செய்தி ஒண்டும் வேணாம்."